மதுரைக்குப் போய்த் தூங்கிக் காட்டிவிட்டு வந்தேன்

சங்கரன்கோவிலில் இருந்து மதுரைக்குப் போவதை யாரும் பயணக் கட்டுரையாக எழுதமாட்டார்கள். நான் எழுதுகிறேன். கையில் ஒரு சி-பாப் மிஷினைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கப் போகிறவனுக்குத் தமிழில் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. தேடினால் வருவதெல்லாம் விளம்பரம்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உறக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருகிற நோய் எனக்கு. இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு, ஒரு சிறிய பெட்டி காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால்தான் மூச்சு சீராக ஓடும். அந்தப் பெட்டிதான் சி-பாப். அது ஓடாவிட்டால் மறுநாள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன். வாங்கி ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு மூன்று மாதமாக இரவில் தானாக நின்றுகொண்டிருந்தது. அந்த நாட்களில் ஒருநாள், பட்டப்பகலில், பனவடலிசத்திரம் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து உடைமர முள்புதருக்குள் போய் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் என் மகன் செந்தில் அன்றைக்கே வண்டிச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்.

"யப்பா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? தொடர்ந்து பத்து நாள், ஆறு மணி நேரத்துக்குக் கொறையாம மிஷின் ஓடணும். அத அவரு பாத்துச் சரின்னு சொல்லணும். அப்புறந்தான் சாவி."

"ஏலே, ஒனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்ததே நானாக்கும்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

பனவடலிசத்திரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் எலுமிச்சை இருக்கிறது. பஸ்ஸில் போனால் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது. செந்திலைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பான். எலுமிச்சைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மேல்பாத்தியில் ஆறு மரம் வாடிவிட்டது. சாவி வேண்டுமென்றால் மிஷின் ஓடவேண்டும்.

கம்பெனிக்குப் பதினொரு முறை போன் செய்தேன். திருநெல்வேலியில் இருந்து ஒரு ஆள் வந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிஷின் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் தூக்கத்தில் முகமூடியைக் கழற்றுகிறீர்கள் என்றான். நாற்பது வருடம் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, அவிழ்த்துப் பார்த்துக் கற்ற வேலை. ஒரு மோட்டார் நிற்பதற்கும் நிறுத்தப்படுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? வீட்டு விஷயமெல்லாம் எழுதும் குறிப்பேட்டிலேயே, ஒவ்வொரு நாளும் மிஷின் நின்ற நேரத்தையும் எழுதிவைத்தேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் குறிப்பேட்டையும் மிஷினையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கோட்டை–மதுரை பாசஞ்சர் அன்று 8:12க்கு வந்தது. டிக்கெட் முப்பது ரூபாய். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் மூன்று மணி நேரக் குலுக்கல் மிஷினுக்கு நல்லதல்ல. புறப்படும் முன் மிஷினில் காற்றை ஈரமாக்க இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிக் காலி செய்து துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் சரிந்து மோட்டாருக்குள் போகும். மேலே சாமான் வைக்கும் பலகையிலும் வைக்காதீர்கள். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ராஜபாளையம் வரை மலை கூடவே வந்தது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். விருதுநகரில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை உலுக்கி, "அண்ணாச்சி, மூச்சு வருதா ஒங்களுக்கு?" என்று கேட்டார். அவருக்கு என் நோயை விளக்கி முடிப்பதற்குள் மதுரை வந்துவிட்டது. மணி 10:50.

சர்வீஸ் சென்டர் ரயில் நிலையத்தில் இருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ நூற்று எண்பது கேட்டார்கள். நூற்றைம்பதுக்கு முடித்தேன். டிரைவர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தார்.

"என்னய்யா அது, பிரஷர் பாக்குற மிஷினா?"

"தூங்குற மிஷின்."

"தூங்குறதுக்குமா மிஷின் வந்துருச்சு! எங்க வீட்டம்மா பேச ஆரம்பிச்சா போதும், எனக்கு உடனே தூக்கம் வந்துரும். மிஷினே வேணாம்."

"குறட்டை உண்டுமா ஒமக்கு?"

"பக்கத்து வீட்ல கம்ப்ளெய்ன்ட்டே பண்ணிட்டாங்க."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரனை வையாதேயும் வே. போயி டாக்டரைப் பாரும்." இறங்கும்போது எந்த டாக்டர் என்று கேட்டார். நுரையீரல் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயணத்தில் இது ஒரு புண்ணியம்.

சர்வீஸ் சென்டரில் கவிதா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். அவர்தான் டெக்னீஷியன். குறிப்பேட்டில் மிஷின் நின்ற நேரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதற்கு முன் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மிஷினை ஒரு மணி நேரம் ஓடவிட்டார்.

"ஐயா, மிஷின் நல்லா இருக்கு."

"சும்மா ஓட்டுனா ஓடும் தாயி. ஆள் போட்டுப் படுத்தாத்தான் நிக்கும்."

"இங்க யாருய்யா படுக்குறது?"

"சோபா கெடக்குல்லா. நான் ஒறங்கிக் காட்டுதேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன், முகமூடியை மாட்டினேன், சோபாவில் கால் நீட்டிப் படுத்தேன். அப்போது மணி 12:20. கால் மணி நேரத்தில் நின்று இவர்கள் முகத்தில் கரியைப் பூசும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

கண் விழித்தபோது மணி 2:05. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார இடமில்லாமல் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கவில்லை. தலை தெளிவாக இருந்தது, அதனால் கோபமும் தெளிவாக வந்தது. என்னை ஏமாற்றுகிறீர்கள், நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பையில் இருந்து உறையை எடுத்து மிஷினுக்கு மாட்டினேன்.

"ஐயா, நில்லுங்க. அது என்ன?"

"உறை. நானே தைச்சது. ரெட்டைத் துணி."

"வீட்ல ஓடும்போதும் இது மேலயே இருக்குமா?"

"பின்ன? எங்க வீட்டுச் சன்னலுக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி ஓடுது. பஞ்சுத் தூசி வந்து மோட்டாரை அடைச்சிரும்லா."

"திருநெல்வேலியில இருந்து வந்தவர் இதைப் பாத்தாரா?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் மிஷினைப் பார்க்க வருகிறார் என்றால் உறையைக் கழற்றி, துடைத்துத்தானே வைப்போம்?

கவிதா உறையோடு மிஷினை மறுபடி ஓடவிட்டார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். இருபத்தெட்டாவது நிமிடம் திரையில் ஏதோ மின்னியது. மிஷின் நின்றது. அதன் முதுகில் கையை வைத்தேன். கொதித்தது. காற்று உள்ளே போகும் வழி முதுகுப் பக்கம்தான். அதைத்தான் இரட்டைத் துணியால் மூடி வைத்திருந்தேன். குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துத் தறிக்கூடம் திறந்ததும் நான் உறை தைத்ததும் ஒரு பக்கத்தில் இருந்தது. மிஷின் முதன்முதலாக நின்றது அடுத்த பக்கத்தில் இருந்தது. இரண்டையும் எழுதியது என் கைதான்.

குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அதற்காக விட்டுவிடவும் இல்லை.

"சரி தாயி. உறையை எடுத்துட்டா பஞ்சு போவுமே? அதுக்குப் பதில் சொல்லு."

அவர் பின்பக்க மூடியைத் திறந்து வடிகட்டியை வெளியே எடுத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. "தறி ஓடுற ஊர் மிஷின்ல இவ்வளவு சுத்தமான ஃபில்டரை நான் பாத்ததே இல்லைய்யா. கம்பளி மாதிரி ஆகித்தான் வரும்" என்றார். கேட்டுக்கொள்ளுங்கள். முறை தவறு, காரணம் சரி. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மிஷின் தறிச் சுவரை விட்டு உள் அறைக்குப் போகவேண்டும். ஓடும்போது அதன்மேல் எதுவும் இருக்கக் கூடாது. காலையில் அணைத்து, ஆறிய பிறகு, பகல் முழுவதும் உறை போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வடிகட்டியைப் பார்த்து மாற்றவேண்டும்.

"புத்தகத்துல போட்டிருக்குமேய்யா, காத்து வழிய மூடக் கூடாதுன்னு" என்றார் கடைசியாக.

இதற்குத்தான் காத்திருந்தேன். அந்தப் புத்தகத்தைப் பையில் இருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பதினான்கு மொழியில் அச்சடித்திருக்கிறார்கள். தமிழில் ஒரு வரி காட்டு என்றேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைதான்" என்றார். ஒரு வெள்ளைத் தாள் கொடு என்று வாங்கி, அங்கேயே நின்று பெரிய எழுத்தில் எழுதினேன்: மிஷின் ஓடும்போது துணி, உறை, துண்டு எதுவும் மேலே போடக் கூடாது. முதுகுப் பக்கம் காற்று வழி. சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பஞ்சு, மாவு, சிமெண்டுத் தூசி உள்ள வீட்டில் வடிகட்டியை அடிக்கடி பார்க்கவும். கவிதா அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். பத்துப் பிரதி எடுத்து, புது மிஷின் பெட்டிகளுக்குள் ஒன்று ஒன்றாகப் போடுவதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மதுரையில் 5:10க்கு ரயில், 7:40க்குச் சங்கரன்கோவில். இரவு தங்கும்படி திட்டம் போடாதீர்கள். மிஷினைக் கடையில் விட்டுவிட்டு லாட்ஜில் படுத்தால் அந்த இரவு யார் உங்களுக்குக் காற்றடிப்பது? ரயில் நேரம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டு, வாங்கிய ரசீது, மிஷின் ஓடிய நேரம் பதிவாகும் சிறிய மெமரி கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். உங்கள் மிஷின் வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். உறை, ஸ்டூல், பக்கத்தில் கிடக்கும் துண்டு எல்லாம் அதில் தெரியவேண்டும். துடைத்து அழகு பார்த்துவிட்டு எடுக்காதீர்கள். எனக்கு மூன்று மாதமும் ஆறு எலுமிச்சை மரமும் அதில்தான் போனது.

பதினொன்றாம் நாள் டாக்டரிடம் போனேன். பத்து இரவும் ஆறு மணி நேரத்துக்கு மேல். ஒரு இரவு ஏழே கால். அவர் சரி என்றார். செந்தில் இன்று காலை சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மிஷினில் அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டான். கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதுவதற்கெல்லாம் எழுத்துப் பிழை பார்ப்பது அவன்தான், அதனால் இதையும் முதலில் படிக்கப்போவது அவன்தான்.

செந்தில், உறை விஷயம் இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. பிழை திருத்திப் பதிவேற்றிவிடு. போன் செய்யாதே, வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டேன். மேல்பாத்தியில் வாடிய ஆறில் ஒரு மரம் துளிர்த்திருக்கிறதாம், பார்க்கப் போகிறேன்.