ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் பாப்பாயி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். சேலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் புரோகிராமராக இருந்தேன். கொல்லிமலையில் நடக்கவிருந்த ஒரு விவசாயிகள் மாநாட்டுக்கு நேர அட்டவணை போடும் சாஃப்ட்வேருக்கு எங்கள் மேலாளர் முருகேசன் ஆர்டர் பிடித்து வந்தார். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது.

இரண்டு அரங்கு, மூன்று நாள், நாற்பது பேச்சாளர்கள். விஷுவல் பேசிக்கில் எழுதினேன். ஒரே அரங்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு விழுந்தால் திரையில் சிவப்புக் கட்டம் வரும். எங்கும் சிவப்பு இல்லை. அட்டவணையை அச்சடித்துவிட்டோம்.

மாநாட்டுக்கு முந்தின நாளே கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றினோம். மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மானிட்டரை மடியோடு இறுக்கிக்கொண்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மலைமேல் மாநாடு நடக்கும் செம்மேட்டில் பேச்சாளர்களுக்கு அட்டவணை கொடுத்துக்கொண்டிருந்தேன். சாமை பயிரிடும் பாப்பாயி அம்மா வந்தார். "எழுத்து பொடிசா இருக்குது. படிச்சுச் சொல்லு கண்ணு" என்றார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு முதல் அரங்குல சாமை விதை பத்தி நீங்க பேசறீங்கம்மா. அதே நேரம் ரெண்டாவது அரங்குல உங்க ஊர் செல்லம்மாள் மிளகு பத்திப் பேசறாங்க. அவங்ககிட்டயும் சொல்லிடறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அதும் நான்தான் கண்ணு. ரேசன் கார்டுல செல்லம்மாள், ஊருக்குள்ள பாப்பாயி. ஒருத்தி எப்படி ரெண்டு எடத்துல நிக்கிறது?"

எங்களுக்கு வந்த பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு அமைப்பாளர்கள் தனித்தனியாகப் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். ஆளாளுக்குத் தெரிந்த பெயரை எழுதிவிட்டார்கள்.

மேலாளர் முகம் சிவந்தது. "மோதலே இல்லைன்னு சொன்னியேப்பா?"

"அரங்கை மட்டும்தான் சார் பார்த்துச்சு. ஆளைப் பார்க்கச் சொல்லி நான் எழுதலை."

"சரி, மிளகை எடுத்துடு. அந்தம்மா ஒண்ணு பேசினாப் போதும்."

பாப்பாயி அம்மா குறுக்கிட்டார். "ஏனுங்க, அதை எடுக்காதீங்க. வாடல் நோய் வந்து எங்க ஊர்ல பாதி மிளகுக்கொடி போயிருச்சுங்க. ஆபீசருங்க காதுல போடத்தான் நான் வாரேன்னே ஒத்துக்கிட்டேன்."

மேலாளர் கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தேன். யாருக்கு இன்னொரு பெயர் உண்டு என்று அமைப்பாளர்களைக் கேட்டுக் கேட்டு, அதே எண்ணின் கீழ் பதிந்தேன். ஓர் எண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வந்தால் பிடிக்கும்படி புரோகிராமில் எழுதிச் சேர்த்து ஓடவிட்டேன். நான்கு சிவப்புக் கட்டம். அமர்வுத் தலைவராகப் போட்டிருந்த ஒருவரே பக்கத்து அரங்கில் பேச்சாளராகவும் இருந்தார்.

மிளகை மாலைக்கு மாற்றலாம் என்றால், நோய் பற்றித் தெரிந்த அதிகாரி மறுநாள் மதியம் ஒரு மணி பஸ்ஸில் மலையை விட்டு இறங்குகிறார். அவர் புறப்படும் நேரத்தையும் அட்டவணைக்குள் ஏற்றினேன். கடைசியில் காலை பத்து மணியில் இடம் கிடைத்தது. அன்று மாலை நான்கு மணிக்குத் திரை முழுக்க வெள்ளை. திருத்தச் சீட்டுகளை மேலாளரே உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார்.

மறுநாள் பாப்பாயி அம்மா காய்ந்த கொடி ஒன்றை மேடைக்கே எடுத்து வந்து பேசினார். அந்த அதிகாரி எழுந்து, "தோட்டம் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார். ஒரு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, பதினோரு மணிப் பேச்சு முடிந்ததும் அந்த அம்மாவோடு ஜீப்பில் ஏறிப் போனார். நான் அப்போதுதான் டீக்கடைக்குப் போனேன். இரண்டு டம்ளர் டீ குடித்தேன்.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். சிவப்பு வரவில்லை என்றால், நீங்கள் பார்க்கச் சொன்னதில் தவறில்லை என்று மட்டுமே பொருள். பார்க்கச் சொல்லாதது எது என்று கண்டுபிடிக்க, அச்சுக்குப் போகும் முன் அட்டவணையை அதில் பெயருள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.