அட்மிரலும் நானும் ஏறிய மணல் திட்டு

நாற்பது வருடமாக முல்லைத்தீவுக் கடலில் போட் ஓட்டுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கையில் ஒன்றுமில்லை. இன்றைக்கு நான்கு போட், நான்கு இஞ்சின். போட் முதலாளியை எங்கள் கரையில் சம்மாட்டி என்பார்கள்; சம்மாட்டி என்று மட்டும் சொன்னால் அது நான்தான். மற்றச் சம்மாட்டிகளுக்குப் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த நாற்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் போட்டை மண்ணில் ஏற்றினேன். அதுவும் ஒரு வெள்ளைக்காரரை வைத்துக்கொண்டு. புதிதாக இஞ்சின் பிடிக்கிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

1. இரண்டு பேரின் உத்தியோகம்

வந்தவர் இங்கிலாந்துக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் அவரைத் துரை என்றார்கள். அவருடைய தாத்தா முதலாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. ஒரு சின்னப் போர்க்கப்பலுக்குக் கப்டனாக இந்தக் கரையில் திரிந்தவர். தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டார் துரை. அச்சுக்குப் போகமுன், தாத்தாவின் கப்பல் தரைதட்டிய இடத்தைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார். என் மூத்த மகள் வதனி ஆங்கில ரீச்சர். அவள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னவள்.

தாத்தாவின் வரலாற்றைக் கேட்கக் கேட்க என் கதை மாதிரியே இருந்தது. அவர் பதின்மூன்று வயதில் கடலுக்கு வந்தவர். நானும் அப்படித்தான். அவருக்குத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டும் கொடுத்தார்கள். எனக்குத் தண்ணீர் இறைக்க ஒரு வாளி கொடுத்தார்கள். அவர் மிட்ஷிப்மன், லெப்டினன்ட், கொமாண்டர் என்று ஏறினார். நான் வாளி, வலை, இஞ்சின் என்று ஏறினேன். கப்பலை மண்ணில் ஏற்றிய பிறகும் அவர் மேலே போய்க்கொண்டேயிருந்தார். கடைசியில் அட்மிரல்.

அது எப்படி என்று கேட்டேன். கப்பல் தரைதட்டினால் கப்டனை விசாரிப்பது அவர்களுடைய வழக்கமாம். இடுப்பு வாளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிற்கவேண்டும். தாத்தாவும் வைத்தார். வைத்துவிட்டு, வழிகாட்ட ஏற்றிய உள்ளூர்ப் பைலட் இன்னாசி குடிவெறியில் இருந்தான், அதனால்தான் இப்படி நடந்தது என்றார். விசாரணை திருகோணமலையில் நடந்தது. இன்னாசியை ஒருவரும் கூப்பிடவில்லை. வாள் திரும்பக் கிடைத்தது. துரையின் புத்தகத்திலும் அப்படியே இருந்தது: குடிகாரப் பைலட்.

வதனி இதைச் சொல்லும்போது செபமாலை பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் என் போட்டின் அணியக்காரன், அதாவது முன்பக்கத்தில் நின்று தண்ணீர் பார்த்துச் சொல்கிறவன். இருபது வருடமாக என்னோடு நிற்கிறான். இன்னாசி அவனுடைய பூட்டன். அவன் வலையைக் கீழே வைத்தான்.

"அவர் கோயில் மூப்பர், சம்மாட்டி. சாராயத்தை வாயில வைக்காத மனுசன். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்கோ."

விசாரணைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, வேறு ஆதாரம் இருந்தால் எடுக்கலாம் என்றார் துரை. ஆதாரம் கடலுக்குள் கிடக்கிறது, நாளைக்குக் காலமை காட்டுகிறேன் என்றேன் நான்.

2. வட்டுவாகல் வாய்

மாரி மழைக்கு நந்திக்கடல் ஏரி நிரம்பினால் வயலும் வீடும் வெள்ளத்தில் நிற்கும். அப்போது எங்கள் ஆட்கள் வட்டுவாகலில் கரை மண்ணை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும்போது மண்ணையும் தள்ளிக்கொண்டுபோய் வெளியில் ஒரு திட்டாகப் போடும். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடம். எந்தக் கடல் வரைபடத்திலும் அது இராது. அணியக்காரனின் கண்தான் படம். அவன் கையைத் தூக்கினால் இஞ்சினை நிப்பாட்டவேண்டும். கத்தினால் இஞ்சின் சத்தத்தில் கேட்காது.

தாத்தாவின் கப்பல் தட்டியதும் இதே வாய்க்கு வெளியில், மழை விட்ட தை மாதத்தில்தான். துரை, வதனி, செபமாலையோடு நான் போனதும் வாய் வெட்டிப் பத்து நாளில். கடல் அடங்கியிருந்தது. இதையெல்லாம் நான் துரைக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது செபமாலை கையைத் தூக்கினான்.

கண்டேன். நிப்பாட்டினால், இவ்வளவு பேசிய மனிதன் பயந்துவிட்டான் என்று துரை நினைப்பாரே என்று யோசித்தேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். இருபத்தைந்து குதிரை இஞ்சின், போட் அழகாக மண்ணில் ஏறியது. புரொப்பெல்லரைப் பிடித்திருந்த ஆணி முறிந்தது. துரை முழங்காலில் விழுந்தார், தொப்பி கடலுக்குப் போனது.

"டேய் செபமாலை, கண்ணில்லையோ உனக்கு?" என்றேன். மகளிடம் திரும்பி, அணியக்காரன் பிழையாகக் காட்டிவிட்டான் என்று துரைக்குச் சொல்லச் சொன்னேன். துரை எழும்பமுதலே குறிப்பெழுதுகிற கொப்பியை எடுத்துவிட்டார்.

வதனி மெதுவாக, "அப்பா, செபமாலை அண்ணை கை தூக்கினதை நானும் கண்டனான். எதைச் சொல்ல?" என்றாள்.

செபமாலை இறங்கிப் போட்டுக்குத் தோள் கொடுத்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்குக் கீழே நின்றது. நான் சொன்னது கொப்பியில் ஏறினால் இன்னாசியின் வழக்குக்கு இரண்டாவது சாட்சி நானாகிவிடுவேன். பூட்டனும் கெட்டான், பூட்டப்பிள்ளையும் கெட்டான் என்று அச்சில் வரும்.

"சொல்லு. அவன் காட்டினவன். நான் நிப்பாட்டேல்லை. பிழை என்ர."

நான் சொன்னதைவிட அவள் மொழிபெயர்த்தது நீளம். சொந்தமாகவும் ஏதோ சேர்த்திருப்பாள்.

கையை எப்படித் தூக்குவது என்று துரை கேட்டார். செபமாலை தண்ணீரில் நின்றபடியே தூக்கி ஆட்டிக் காட்டினான். துரை பையிலிருந்து பதிவேட்டின் பிரதியை எடுத்து ஒரு இடத்தை வாசித்தார். வதனி தமிழில் சொன்னாள்: பைலட் முன்னால் நின்று கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான், ஆகவே வெறியில் இருக்கிறான் என்று விளங்கியது. வெறிக்கு ஆதாரம் அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கி எங்களோடு போட்டைத் தள்ளினார்.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. குடிகாரன் என்ற சொல் இல்லை. இன்னாசி எச்சரித்தார், கப்டன் நிப்பாட்டவில்லை என்று இருக்கிறது. அதற்குக் கீழே, அதே இடத்தில் ஒரு முல்லைத்தீவுச் சம்மாட்டியும் அதையே செய்தார் என்றும் இருக்கிறது. அட்மிரலோடு ஒரே பக்கத்தில் வந்த சம்மாட்டி இந்தக் கரையில் நான் ஒருவன்தான். அந்தப் பக்கத்தை வதனி செபமாலைக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மூன்றாவது தடவையும் கேட்டான்.

பிள்ளைகளே, அணியத்தில் கை எழும்பினால் முதலில் நிப்பாட்டுங்கள். ஏன் என்று பிறகு கேட்கலாம். நான் இப்போது உடனே நிப்பாட்டுகிறேன். செபமாலை தலை சொறியக் கையெடுத்தாலும் நிப்பாட்டுகிறேன்.