ரட்சிப்பும் பொள்ளாச்சி பஸ்ஸும்

போன வாரம் எங்கள் சபையின் பாஸ்டர், சாமுவேல் அண்ணனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, இயேசு உங்களை ரொம்ப நேசிக்கிறாருங்க” என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க” என்றவர், அடுத்ததாக மரியாதையோடு கேட்டார் — “அவரு எந்த ஊருங்க?”

இதைக் கேள்விப்பட்டதும் நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது… கேட்டது யார்?

சாமுவேல் அண்ணன் முப்பது வருடம் எங்கள் சபையின் மூப்பர். பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பாஸ்டர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் இவர்தான் பிரசங்கம். இப்போது மறதி நோய். முதலில் சாவியை மறந்தார். பிறகு தெருவை. பிறகு பிள்ளைகளின் பெயர்களை. ஒருநாள் காலையில் காபி கொண்டு வந்த எஸ்தர் அக்காவிடம், “உங்களுக்கு எதுக்குங்க சிரமம், அம்மணி?” என்றாராம். நாற்பத்து மூன்று வருட சம்சாரத்திடம்!

எங்கள் கிறிஸ்தவர்களுக்குள் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. ஒரு தடவை இயேசுவால் பாவத்திலிருந்து ரட்சிக்கப்பட்டவன், அந்த ரட்சிப்பை இழக்க முடியுமா, முடியாதா? முடியும் என்று ஒரு கோஷ்டி. முடியவே முடியாது என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் வசனம் வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான் — விவாதம் ஆரம்பிக்கும் வரை.

அண்ணன் முதல் கோஷ்டி. “தளும்பத் தளும்பப் பாலை ஊத்தி, நடடான்னு கையில குடுத்திருக்காங்க கண்ணு. கொஞ்சம் அசந்தாப் போச்சு. பயந்து நடக்கோணும்” என்பார். அவர் பிரசங்கம் எதை ஆரம்பித்தாலும் அந்தப் பயத்தில்தான் வந்து முடியும். அப்படியே வாழவும் செய்தார். படுக்கும் முன் அன்றைய தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் அவர் தூங்கியதே இல்லை என்பார் அக்கா.

நான் இரண்டாவது கோஷ்டி. காரணம்? பிரசங்கத்தில் தூங்குகிறவனுக்கு வேறு எந்தக் கோஷ்டி இடம் கொடுக்கும்?

எங்கள் ஆட்களைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, “எந்த தேதியில ரட்சிக்கப்பட்டீங்க?” அண்ணன் தேதி, கிழமை, நேரம் எல்லாம் சொல்வார். என்னிடம் மூன்று தேதிகள் இருக்கின்றன. கன்வென்ஷன் கூட்டத்தில் ‘இயேசுவை ஏத்துக்கறவங்க கை தூக்குங்க’ என்றபோது முதல் தடவை தூக்கியது பயத்தில். இரண்டாவது தடவை, முதல் தடவை சரியாகத் தூக்கினேனா என்ற சந்தேகத்தில். மூன்றாவது தடவை… வரிசையில் எல்லோரும் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் தூக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

இருபது வருடம் இதையே வைத்து நானும் அண்ணனும் டீக்கடை டீக்கடையாகச் சண்டை போட்டோம். யாரும் ஜெயிக்கவில்லை, டீக்கடைக்காரரைத் தவிர.

பாஸ்டர் வந்துபோன மறுநாள் எஸ்தர் அக்கா போன் செய்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கோணும். அவரு அப்படிக் கேட்டுப்போட்டாரே… அது இயேசுவை மறுதலிச்ச கணக்குங்களா? அவரு ரட்சிப்பு போயிருச்சுங்களா?”

நான் நைசாக நழுவப் பார்த்தேன்.

“பாஸ்டரைக் கேக்கலாமேங்க்கா?”

“அவரு ஜெபம் பண்ணிட்டுப் போயிருவாருங்க. நீங்கதான் இதுல சண்டை போட்ட ஆளு. அவரு சொன்னது நெசம்னா… இனி எப்படி அவரு பயந்து நடப்பாரு? பேரே தெரியலையேங்க தம்பி.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுந்தராபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. மூன்று பக்கத்துக்குக் குறிப்பு, சிவப்பு மையில் அடிக்கோடு! அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க, வாங்க” என்று வாய் நிறைய வரவேற்றார். யாரென்று தெரிந்தல்ல, ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது மட்டும் அவருக்குள் அழியாமல் இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்து ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினேன். முதல் பாயிண்ட், இரண்டாவது பாயிண்ட், அதற்கு எதிர்க் கோஷ்டியின் ஆட்சேபம், அதற்கு என் பதில்… அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “ஆகையினால அக்கா, அண்ணன் தொலைஞ்சு போறதுங்கற பேச்சுக்கே இடமில்லீங்க” என்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

வாசலில் நாற்காலி மட்டும் இருந்தது.

கேட் திறந்து கிடந்தது. கொண்டியைப் போடாமல் வந்தது சாட்சாத் இந்தப் புண்ணியவான்தான்.

தொலையவே முடியாது என்று ஒருவரைப் பற்றி விளக்கிக்கொண்டே, அவரைத் தொலைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம். மளிகைக் கடை, பேக்கரி, ஆட்டோ ஸ்டாண்ட் எங்கும் இல்லை. மெயின் ரோட்டில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன; ஓரமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பஸ் ஸ்டாப் பூக்காரம்மாதான் சொன்னார் — “பெரியவருங்களா? மாட்டைப் புடிச்சுக் கட்டோணும்னு சொல்லிட்டே பொள்ளாச்சி பஸ்ல ஏறிட்டாருங்க.”

கிணத்துக்கடவு பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர் அண்ணன். அந்த வீடும் இல்லை, மாடும் இல்லை. ஐம்பது வருடமாயிற்று. எந்த பஸ்? எங்கே இறங்குவார்? யாரிடம் என்ன சொல்வார்? பெயர் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாதே… அக்கா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற என்னால் ஒரு பாயிண்ட்கூட எடுத்துவிட முடியவில்லை.

அப்போது அக்காவின் போன் அடித்தது. நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏனுங்க, கண்டக்டர் பேசறேனுங்க. இங்க ஒரு பெரியவரு… டிக்கெட் எங்கீங்கன்னா ‘ஊட்டுக்கு’ங்கறாரு. எந்த ஊருன்னா சிரிக்கறாரு. இது உங்களாளுங்களா?”

“எங்களாளுதானுங்க!” அக்கா கத்தியதில் பூக்காரம்மா கையிலிருந்த சரம் கீழே விழுந்தது.

“பயப்படாதீங்கக்கா. கிணத்துக்கடவுல எதுத்தாப்ல வர்ற வண்டியில உக்கார வெச்சு அனுப்பறேன். அதுல கண்டக்டரு நம்ம பையன்தான், சொல்லி உடறேன்.”

“அவருக்கு நம்பர் ஞாபகம் இருந்துச்சுங்களா?” என்று நான் கேட்டேன்.

“அட, அவருக்கு எங்கீங்க ஞாபகம்? வேர்க்குதுன்னு பட்டனைக் கழட்டுனாரு. சட்டைக்கு உள்பக்கம் செவப்பு நூல்ல நம்பரு தச்சிருக்குதுங்களே!”

அக்காவைப் பார்த்தேன்.

“எல்லாச் சட்டையிலயும் தச்சுப்போட்டேனுங்க தம்பி. ரெண்டு வருசமாச்சு. நெஞ்சுக்கு நேரா.”

“அண்ணனுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க. சொன்னாலும் மறந்துருவாரு.”

சொல்லிவிட்டு அக்கா எழுந்து, பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றார். ரோட்டில் அத்தனை ஹாரன் சத்தம். ஆனால், கோயிலுக்குள் நுழைந்ததும் தானாக வாய் மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தது எனக்கு. எவ்வளவு பெரிய விஷயம் இது! தன்னை யாரோ தேடுவார்கள் என்பது தெரியாமல், தான் தொலைந்ததே தெரியாமல், தான் யாருடைய ஆள் என்பதை நெஞ்சோடு ஒட்டிச் சுமந்துகொண்டு, ஒரு மனுஷன் ஜன்னலோரம் காற்று வாங்கியபடி வந்துகொண்டிருக்கிறார்.

“அவருக்கு ஊடும் தெரியல, வழியும் தெரியல, என்னையும் தெரியல” என்றார் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே. “ஆனா, வந்துருவாருங்கல்ல தம்பி?”

அவர் பஸ்ஸை மட்டும் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

“வந்துருவாருங்க்கா” என்றேன். இருபது வருட விவாதத்தில் நான் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அது.

முக்கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் கையைப் பிடித்துப் பதமாக இறக்கிவிட்டார். அக்கா அண்ணனின் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அண்ணன் புது ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். பிறகு, வேர்த்து விறுவிறுத்து, முகம் வெளுத்து நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு என்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். தோளில் கை வைத்தார்.

“ஏன் கண்ணு, வழி தவறிப் போயிட்டீங்களா? பயப்படாதீங்க. இந்த அம்மணிகூட வாங்க, ஊட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துருவாங்க.”