பேனரில் இரண்டே முகம்

டில்லிபாபுவைப் பற்றிய பேச்சு அவன் காதுக்கே ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அவன் யாரென்று தெரியாமல் டிரைவரிடம் சொன்னார்.

"திருவொத்தியூர்ல கன்டெய்னர் லாரி ஓட்றவன் ஒருத்தன், தோஸ்து பர்த்டேக்கு பேனர் வெச்சிகீறான். என் மச்சான் பாத்துட்டு வந்து சொன்னான். ரெண்டே மூஞ்சிதானாம், புருசன் பொண்டாட்டி கணக்கா."

"கல்யாண பேனருனு மொய் எழுத போயிருப்பாங்க நைனா," என்றார் டிரைவர்.

டில்லிபாபுவும் கூடச் சிரித்துவைத்தான். பிறந்தநாள் பேனர் என்றால் தெருப் பையன்கள் இருபது பேரின் முகமாவது வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆறு வருடமாக அந்த இருபது முகங்களுக்கு நடுவில்தான் அவனும் பிறந்தநாள்காரன் ஃபவாஸும் ஒளிந்திருந்தார்கள். ஒரு தடவையாவது இருவர் மட்டும் சேர்ந்து நிற்கலாமே என்று ஆசைப்பட்டுவிட்டான்.

பேனர் வைத்த மறுநாளே அதைக் கிழித்துவிட்டார்கள். ஃபவாஸை அவன் அண்ணன் ராயபுரத்துக்கு அழைத்துப் போய் நான்கு நாளாகிறது. சும்மா விளையாட்டுக்கு வைத்தேன் என்று தெருவில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். ஃபவாஸைக் கேட்காமல் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இறங்கி, லாரிகளின் இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபவாஸை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.