எரித்துப் பார்த்த மூங்கில்

எங்கள் தெருக் கோயில் தலைவர் மூங்கில் சிம்பு ஒன்றைத் தீக்குச்சியில் கொளுத்தி, ஊதி அணைத்து, மூக்கருகே வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"கல் மூங்கில்தான்பா. வாசனையே சொல்லுது" என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இது என்ன மூங்கில் என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நான் கண்டுபிடித்துவிட வேண்டும்.

பட்டு நூலைக் கொளுத்தி முகர்ந்து, அசலா கலப்படமா என்று சொல்கிற ஊர் இது. அசல் பட்டென்றால் முடி கருகிய வாடை வரும். அது சரிதான், நானே செய்திருக்கிறேன். அதற்காக, எதைக் கொளுத்தி மோந்தாலும் உண்மை வெளியே வந்துவிடும் என்று நம்புவதற்குத் தனி மூளை வேண்டும். எந்த மூங்கிலைக் கொளுத்தினாலும் மூங்கில் வாடைதான் வரும். தலைவருக்கு அது கல் மூங்கிலாக மணத்ததற்குக் காரணம், அதை ஒடித்து வந்த புதர் அவருடைய மச்சானின் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சும்மா வளர்ந்து நின்றதுதான்.

முருகன் பல்லக்கைத் தூக்கும் தண்டுகளில் ஒன்று போன திருவிழாவில், தெருமுனை திரும்பும்போது பிளந்துவிட்டது. முன்னால் தோள் கொடுத்தவன் என் அண்ணன். சாமி சாயாமல் தாங்கப்போய் முழங்கால் மடங்கி விழுந்தான். இன்றைக்கும் தறியில் மிதியை அழுத்தும்போது முகம் சுளிக்கிறான். புதுத் தண்டுக்கும் முன்னால் நிற்கப்போவது அவன்தான். உள்ளே கெட்டியான கல் மூங்கில் என்றால் தாங்கும். குழாயாக இருந்தால், இந்த முறை முழங்காலோடு போகாது.

நான் படித்தது கணினி. மூங்கில் புல் வகை என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. முதலில், செடிக்குப் பெயர் சொல்லும் ஆப் ஒன்றை போனில் இறக்கினேன். இலையைக் காட்டினால் ஒரு பெயர். அதே இலையைத் திருப்பிக் காட்டினால் வேறு பெயர். இன்னொரு முறை காட்டியபோது கரும்பு என்றது. நர்சரிக்காரரிடம் படத்தை நீட்டினேன். "பேம்பூதான்மா. வீட்ல வச்சா அதிர்ஷ்டம்" என்றார். செடி ஆர்வலர்கள் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். பதிலுக்கு ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் வந்தது. ஒரே ஒருவர் மட்டும் எரிச்சலாக எழுதினார்: இலையைப் பார்த்து மூங்கிலுக்குப் பெயர் வைக்காதே, தண்டின் உறையைத் தேடு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

உறை என்பது, முளை எழும்பும்போது கணுவுக்குக் கணு அதைப் போர்த்தியிருக்கும் ஓடு. மூங்கில் நெடுநெடுவென வளர்ந்ததும் காய்ந்து கீழே விழுந்துவிடும். மண்டபத்தின் பின்னால், எச்சில் இலைக் குவியலை ஒட்டி மண்டிபோட்டுப் பொறுக்கினேன். கரும்பழுப்பு ரோமம் விரலில் ஏறிக் குத்தியது. உறையின் மேல்நுனியில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல், மடலின் விளிம்பில் மீசை போல முடி. தண்டில் முள் கிடையாது. அடிக் கணுக்களைச் சுற்றிக் குட்டி வேர்கள் வளையம் கட்டியிருந்தன. படம் அனுப்பிக் கேட்டதற்கு அந்த எரிச்சல்காரரே சொன்னார்: கல் மூங்கில் உறைக்குக் காது இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இது வேலியோரமும் தோட்டத்திலும் வைக்கிற சாதாரண மூங்கில். உள்ளே குழாய்.

மறுநாள் கோயில் வாசலில் தலைவரிடம் உறையை நீட்டினேன்.

"இன்னாமா இது, பிஞ்ச செருப்பா?"

"இது கல் மூங்கில் இல்ல, பெரியப்பா. காது இருக்குது பாருங்க."

"மூங்கிலுக்குக் காதா? அப்ப ஒரு கம்மல் வாங்கிப் போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்போது சொன்னாலும் சிரிக்கிற சிரிப்பு.

"எத்தினி வருசமா பட்டு பாத்துக்கினு இருக்கறேன். என் மூக்கு பொய் சொல்லாதுமா."

"பல்லக்க மூக்காலயா தூக்கப் போறோம்?" என்றான் அண்ணன். "ஒண்ண வெட்டித்தான் பாத்துடலாமே."

வெட்டினார்கள். அடிவெட்டின் ஓட்டைக்குள் அண்ணனின் இரண்டு விரல்கள் தாராளமாகப் போயின. தலைவர் குனிந்து பார்த்தார். வெட்கம் என்பது துளியும் இல்லாமல், "அடியில அப்படித்தான் இருக்கும். மேல போகப் போகக் கெட்டியாயிடும்" என்றார்.

மேலே போகப் போக மூங்கில் மெலியும் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு, மூங்கில் ஏணி ஏறியிருந்தால் போதும். அதற்கும் தலைகள் ஆமாம் போட்டன. அவரைவிட அந்தத் தலைகள்மேல்தான் எனக்கு அருவருப்பு வந்தது. தண்டு முறிந்தால் விழப்போகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்.

"இதுக்கு நான் தோள் குடுக்க மாட்டேன்" என்றான் அண்ணன். "நீங்க முன்னால நில்லுங்க பெரியப்பா. நான் குடை புடிச்சிக்கினு வரேன்."

தலைவர் இதுவரை எந்தத் தண்டுக்கும் தோள் கொடுத்ததில்லை. சாமிக்கு முன்னால் கையை வீசி வழி விலக்குவதுதான் அவருடைய பக்தி. வெட்டிய துண்டைக் காலால் ஓரம் தள்ளினார்.

"சரி, உன் தங்கச்சியே நல்லதா ஒண்ணு கொண்டாரட்டும். தேய்பிறை முடியறதுக்குள்ள வெட்டணும், இல்லாங்காட்டி வண்டு வச்சிடும். அதுக்குள்ள வரலன்னா இதையே கட்டுவேன். நீ இல்லன்னா வேற ஆளு இருக்குது."

தேய்பிறையையும் கேலி செய்ய நாக்கு துறுதுறுத்தது. கெடு கிடைத்ததே பெரிது என்று அடக்கிக்கொண்டேன். வேறு ஆள் என்று அவர் கைகாட்டியது, போன மாதம் கல்யாணமான எங்கள் சித்தப்பா மகனை. அவன் பெருமையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான், மடையன்.

மாகறல் பஸ்ஸில் போகும்போது பார்த்த புதர் ஒன்று நினைவில் இருக்கிறது. புடைத்த கணுக்கள், லேசாக வளைந்த தண்டுகள், இளசுகளின்மேல் மாவு பூசினாற்போல் வெள்ளை. கல் மூங்கிலாக இருக்கலாம். இருக்கலாம் என்பதைத் தாண்டி ஒரு சொல் சொன்னாலும் நானும் தலைவர் ஆகிவிடுவேன். நாளைக் காலை அண்ணனோடு பைக்கில் போகிறேன். முதலில் கீழே கிடக்கும் உறைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தேறினால் நிலத்துக்காரரைக் கேட்டு ஒரு தண்டை வெட்டி, அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் அறுத்துப் பார்க்கப் போகிறோம்.