பியற்றிஸ் வீட்டுப் படியை எடுத்த ஜெஸ்ரின்

ஜெஸ்ரின் என்ற பேரை நான் முதலில் கேட்டது தொலைபேசியில். என் சின்னம்மாவின் இளைய மகள் றஜீனா லண்டன் வெம்பிளியிலிருந்து எடுத்து, பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, ஜெஸ்ரின் என்று வைக்கப் போகிறோம் என்றாள். "முகத்துக்குப் பூசுற பவுடரின்ர பேர் மாதிரிக் கிடக்கு" என்றேன். றஜீனா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்குப் போய், பாதியில் விட்டுவிட்டுத் தச்சு வேலை படித்தாள். கலியாண வீடுகளில் "மகள் என்ன செய்யிறா?" என்று யாரும் கேட்டால், "கட்டட வேலை" என்று சொல்லிவிட்டு றஜீனா சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவாள். ஜெஸ்ரின் அதையெல்லாம் கணக்கிலே எடுக்க மாட்டாள். காதில் பென்சிலோடு பூசைக்கு வருகிற பெண் அவள்.

றஜீனாவின் அக்கா பியற்றிஸ் லண்டனிலேயே ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் இருக்கிறாள். சர்க்கரை வருத்தத்தில் ஒரு கால் போய், இப்போது சக்கர நாற்காலிதான். வாசலில் மூன்று படி. ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் சவிரிமுத்துவும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். பூசை முடிந்து வந்ததும் தூக்கி ஏற்றுவார்கள்.

"பெருநாளில மாதா சுருவத்தைத் தூக்கிற மாதிரி என்னைத் தூக்கினம் அக்கா. சுருவம் வாய் திறக்காது. என்னால அப்பிடி இருக்க ஏலாது" என்று என்னிடம் சொன்னாள். பிறகு கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அதைக் கேள்விப்பட்டு ஜெஸ்ரின் வந்தாள்.

"பெரியம்மா, நீங்களே உருட்டிக்கொண்டு போக வேணும், நீங்களே உருட்டிக்கொண்டு வர வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் பிள்ளை. ஒருத்தரும் என்னில கை வைக்கக் கூடாது."

பியற்றிஸை வெம்பிளியில் தன் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜெஸ்ரின் வேலையைத் தொடங்கினாள். அந்த வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அதன் சுவர்களின் தலையில் மரச்சட்டங்களைக் கிடத்தி, மேலே வீட்டுத் தரைக்குப் பலகை அடித்திருந்தார்கள். வீடு தெருவைவிட உயர்ந்து நின்றது அதனால்தான். அந்தச் சட்டங்கள் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தன. ஜெஸ்ரின் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுச் சட்டங்களைச் சுவரின் தலையில் வைக்காமல், உட்பக்கத்தில் இரும்புக் கொளுவிகளில் தொங்கவிட்டாள். தரை அப்படியே கீழே இறங்கியது. கதவையும் இறக்கினாள். படிகளை எடுத்துவிட்டு, மிச்ச உயரத்துக்கு வெளி நடையைச் சரிவாக உயர்த்தினாள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் கதவுக்கு முன்னால் கம்பி மூடிய வாய்க்காலும் வைத்தாள்.

தரை இறங்கினால் நிலவறைக் கூரையும் இறங்கும் அல்லவா? கோயில் பெருநாளுக்குச் சமைக்கிற கிடாரங்களைச் சவிரிமுத்து அங்கேதான் வைத்திருக்கிறார். ஆள் நல்ல உயரம். நெற்றியில் இடித்துக்கொண்டு வந்து பியற்றிஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இனி நான் குனிஞ்சுதான் போக வேணும் போல கிடக்கு."

"கலியாணம் கட்டின நாளில இருந்து குனிஞ்சுதானே நிக்கிறியள். இதென்ன புதுசே?"

வேலை முடிந்ததும் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கக் கோயில் சுவாமியார் வந்தார். சனம் எல்லாம் முந்தியே வந்து உள்ளே இருந்தது. நானும் இருந்தேன். பிறகுதான் பியற்றிஸ் வந்து இறங்கினாள். தானே உருட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள், வாய்க்காலைத் தாண்டினாள், கதவைத் தள்ளினாள். நாற்காலி நின்றுவிட்டது.

உள்ளே முழுக்கச் செருப்பு. முந்தியெல்லாம் வருகிற சனம் வாசல் படிகளில்தான் கழற்றும். படி இல்லாமல் போனதும் எல்லாரும் கதவடியிலேயே கழற்றிக் குவித்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் அளந்தனான்" என்றாள் ஜெஸ்ரின். "உங்கட சனத்தின்ர காலை மட்டும் மறந்துபோனன்."

அதற்குள் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்க ஓடி வந்தார்கள். பியற்றிஸ் பிரேக்கைப் போட்டாள்.

"கை வைச்சால் இப்பிடியே வெம்பிளிக்குத் திரும்பிப் போயிடுவன்."

ஜெஸ்ரின் குனிந்து செருப்புகளை அள்ளப் பார்த்தாள். "நீ விடு பிள்ளை. கழற்றினவை வந்து எடுக்கட்டும்" என்றாள் பியற்றிஸ்.

எல்லாரும் வந்தோம். சுவாமியாரும் வந்து தன் கறுப்புச் சப்பாத்தைத் தேடி எடுத்தார். எடுத்ததை வைக்க இடமில்லை. இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சோடி கையில் பிடித்தபடி நின்றோம்.

பியற்றிஸ் எங்கள் நடுவால் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தாள். "இவ்வளவு சனம் செருப்போட நிண்டு வரவேற்குது. நான் அப்பிடி என்ன குற்றம் செய்தனான்?" என்றாள். சுவாமியார்தான் முதலில் சிரித்தார். அவள் நேரே குசினிக்குப் போய், எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள்.

அடுத்த நாள் ஜெஸ்ரின் வெளியே ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஒரு செருப்புத் தட்டு அடித்தாள். அந்த ஞாயிறு பியற்றிஸ் தானாகவே கோயிலுக்குப் புறப்பட்டாள். சவிரிமுத்து பின்னால் சும்மா நடந்து போனார்.

ஜெஸ்ரின் இப்போது தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறாள். நிலவறை உள்ள இன்னொரு வீட்டில் தரை இறக்குகிற வேலை செய்கிறாள்.