மாடிக்குப் போகாத பிள்ளை

அந்தப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு டீச்சரின் குரல் காதில் விழாமல் யாரும் அந்தத் தெருவைக் கடந்துவிட முடியாது. டீச்சராவதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் நின்றவர் அவர். வாசலில் தயங்குகிற ஆளை உள்ளே இழுத்து, ஒன்று வாங்க வந்தவரை மூன்று வாங்க வைத்து அனுப்பிய வாய். மகன் பிறந்து அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் விட்ட படிப்பை முடித்து இந்த வேலைக்கு வந்தார். மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் அவருடைய கணவர், "எங்க வீட்டுல ரேடியோ வாங்கவே இல்லைங்க. தேவைப்படல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பாடம் எதுவானாலும் நடத்திக் காட்டிவிடுவார். நிலநடுக்கம் பற்றிய பாடத்தன்று ஒரு பாத்திரத்தில் சூடான பாலைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். ஆறினதும் மேலே ஆடை படரும். பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். "இந்த ஆடைதான் நாம நிக்கிற தரை. உள்ள கொதிக்குது பாரு, அதுதான் பூமியோட வயிறு" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஓரமாக ஊதுவார். ஆடை ஒரு பக்கம் சுருங்கி மடிப்பாகும், இன்னொரு பக்கம் கிழியும். "மடிஞ்ச இடம் மலை. கிழிஞ்ச இடம் பள்ளம். தரைக்கு அடியில ரெண்டு பாறைத் தட்டு முட்டிக்கிட்டு நின்னு, திடீர்னு நழுவுதே, அப்பதான் நமக்கு ஆடுது."

"அப்போ நாமெல்லாம் ஆடை மேல ஒக்காந்திருக்கிற ஈயா டீச்சர்?" என்று ஒரு பயல் ஒரு வருஷம் கேட்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் எந்த வருஷமும் யாரும் கேட்காவிட்டால் டீச்சரே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

சுனாமிக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அடியில் ஒரு பலகை, கரையில் தீப்பெட்டி வீடுகள். பலகையைச் சட்டென்று தூக்கினால் தண்ணீர் எழும்பிப் போய் வீடுகளை வாரிக்கொண்டு வரும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர் அது. ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. அதனால் பக்கத்து ஊர் ஒன்றில் தரை லேசாக ஆடியதும், எல்லாப் பள்ளிகளிலும் மாதம் ஒரு தடவை ஒத்திகை நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. விசில் அடித்தால் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து, தலையை மூடி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபடி விசில் அடித்தால் வரிசையாக மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். மற்ற வகுப்புகளில் இது தள்ளுமுள்ளாக நடக்கும். இவர் வகுப்பில் மட்டும் ஊசி விழுந்தால் கேட்கும். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அந்த வருஷம்தான் சிட்டு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் கூப்பிட்ட பெயர் பள்ளியிலும் ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே வலுவில்லாத பெண். சக்கர நாற்காலியில் வருவாள். அதை அவள் "என் வண்டி" என்பாள். அப்பா இல்லை. அம்மா பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு காலையில் வந்து வகுப்பறை வாசல்வரை தள்ளிவிட்டு, டிப்போவுக்கு ஓடுவாள். அந்தப் பெண்ணுக்காக மூன்றாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் மல்லுக்கு நின்று வாங்கியது டீச்சர்தான். வாசல்படியில் சரிவுப் பலகை போடச் செய்ததும் அவர்தான்.

முதல் ஒத்திகையன்று எல்லோரும் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். சிட்டு மட்டும் நடு வகுப்பில் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி மேசைக்குள் நுழையாது. அவள் டீச்சரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். டீச்சருக்கு மின்னல் மாதிரி யோசனை வந்தது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார்.

"இனிமே இந்த கிளாஸுக்கு விசில் சிட்டுதான். அவ ஊதினா குனியணும். அவ ஊதினா மாடி ஏறணும். சரியா?"

சிட்டுவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அம்மா கழுத்தில் தொங்குகிற அதே சாமான். வீட்டில் தொட்டால் அடி விழும். இங்கே அவளுக்கே அவளுக்கு. மூச்சுப் பிடித்து ஊதினாள். வகுப்பே பொறாமையில் வெந்தது. மேசைக்கு அடியிலிருந்து, "டீச்சர், எனக்கும் கால் வலிக்குது" என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள்.

மற்ற டீச்சர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க இதெல்லாம் தோணுது?" என்றார் நான்காம் வகுப்பு டீச்சர். அன்று சாப்பாட்டு வேளையில் டீச்சர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

மாதா மாதம் ஒத்திகை நடந்தது. சிட்டு முதல் விசில் ஊதுவாள், குனிவார்கள். இரண்டாவது ஊதுவாள், வரிசை கிளம்பும். டீச்சர் பிள்ளைகளோடு மாடிக்குப் போய்விடுவார். சிட்டு படிக்கட்டுக்குக் கீழே, விசிலை உதட்டில் வைத்தபடி, கடைசிப் பிள்ளை திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் இறங்கி வந்ததும், "எல்லாரும் வந்தாச்சா?" என்று பெரிய மனுஷி மாதிரி கேட்பாள்.

கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். தட்டுகள் எத்தனை விதமாக நகரும் என்று கேட்டார், சொன்னார்கள். கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார், கோரஸாகச் சொன்னார்கள். பிறகு முன்வரிசை ஓரத்திலிருந்த சிட்டுவைப் பார்த்து, "நீ சொல்லும்மா, பூகம்பம் வந்தா நீ என்ன செய்வ?" என்றார்.

"விசில் ஊதுவேன் சார்."

"சரி, அப்புறம்?"

"இன்னொரு வாட்டி ஊதுவேன். எல்லாரும் மாடிக்குப் போவாங்க."

"அப்புறம்?"

சிட்டு யோசித்தாள். "எல்லாரும் போயிட்டாங்களான்னு பாப்பேன். கிளாஸ் கதவச் சாத்துவேன்."

அதிகாரி அசந்துபோனார். "எவ்வளவு தைரியம் பாருங்க இந்தக் குழந்தைக்கு" என்று கைதட்டினார். தலைமையாசிரியர் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கண்டக்டரம்மா வந்தாள். இரண்டு டிரிப்புக்கு நடுவில் கிடைத்த இடைவெளி போலிருக்கிறது, தோளில் தோல்பை தொங்கியது. பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் டீச்சர், நின்னே பழகிடுச்சு" என்றாள்.

"சிட்டு நல்லாப் படிக்கிறாம்மா. போன வாரம் அதிகாரியே கைதட்டிட்டுப் போனாரு."

"சொன்னா டீச்சர். வீட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுறா." அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "நேத்து சாப்பிடுறப்ப எங்கிட்ட ஒண்ணு கேட்டா. எல்லாரும் மாடிக்குப் போனப்புறம் தண்ணி வர எவ்வளவு நேரம் ஆகும்மான்னு. ஏன்டின்னேன். இல்ல, கதவச் சாத்தினா உள்ள வருமா, அடியில துணி வெச்சா நிக்குமான்னு கேக்குறா. பயந்து கேக்கல டீச்சர். கணக்கு கேக்குற மாதிரி கேக்குறா."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

"உங்க மேல குறை சொல்ல வரல. இவள இந்த மாதிரி வெச்சுக்கிட்டவங்க யாரும் இல்ல. நான் போன ஸ்கூல்லயெல்லாம் பார்த்துட்டேன். ஆனா டீச்சர்..." கண்டக்டரம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "நானும்தான் விசில் ஊதுறேன். நான் ஊதினா பஸ் கிளம்பும். ஆனா நானும் பஸ்ஸுக்குள்ளதான் இருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

டீச்சருக்கு அன்று பாடம் ஓடவில்லை. கரும்பலகையில் பாதி வாக்கியத்தை எழுதிவிட்டு நின்றார். வீட்டுக்கு வந்து வாயே திறக்காமல் வேலை பார்த்தார். கணவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றார். தரை நிஜமாகவே ஆடியிருந்தால்? அந்தக் குழந்தை விசிலைக் கடித்துக்கொண்டு கீழே இருந்திருக்கும். நான் மற்ற பிள்ளைகளோடு ஏறிப் போயிருப்பேன். திரும்பி இறங்கியிருப்பேனா? இறங்கியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு ஒத்திகையில்கூட இறங்கவில்லையே. இறங்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லையே.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். அவர், "நாற்காலியோட தூக்கிட்டு ரெண்டு மாடியா? விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு தெரிந்தவரைப் பிடித்து விசாரித்தார். மேசைக்குள் போக முடியாதவர்கள் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, முன்னால் குனிந்து, கழுத்தைப் பையால் மூடிக்கொள்ள வேண்டுமாம். மாடிக்குத் தூக்க ஒரு முறை இருக்கிறதாம். டிரில் மாஸ்டரையும் வாட்ச்மேனையும் நிற்க வைத்து, காலி நாற்காலியில் அரிசி மூட்டையை வைத்துப் பழக்கினார். எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் செய்தார். சிட்டுவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒத்திகை நாள் காலையில் வகுப்புக்கு முன்னால் அவள் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். "இன்னிலேருந்து நீயும் எல்லாரோடயும் வரப் போற கண்ணு. விசில் உனக்கு வேண்டாம்."

சிட்டு கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "நான் என்ன தப்பு பண்ணினேன் டீச்சர்?"

வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையிடம், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், அதை எப்படிச் சொல்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று திரும்பிக்கொண்டார்.

டிரில் மாஸ்டர் முன்னாலும் வாட்ச்மேன் பின்னாலுமாக நாற்காலியைத் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் அது சாய்ந்தது. சிட்டுவின் ஒரு செருப்பு கழன்று படிகளில் உருண்டு போனது. யாரோ சிரித்தார்கள், சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்ததால் விலகிய பாவாடையை இழுத்துவிடக்கூட முடியவில்லை. பின்னால் வந்த டீச்சர்தான் எட்டிச் சரிசெய்தார்.

மொட்டை மாடியில் இறக்கிச் சக்கரத்தைப் பூட்டினார்கள். காற்று அடித்தது. சிட்டு மெல்லக் கண்ணைத் திறந்தாள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கூரைகளுக்கு மேலே, கடல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிடந்தது. இரண்டு படகுகள். ஒரு கப்பல், நகராதது மாதிரி.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டாள், "தினமும் இது தெரியுமா?"

"தினமும் எங்க வர்றோம். ஒத்திகைக்கு வர்றப்ப தெரியும்."

"நீங்கல்லாம் ஒவ்வொரு வாட்டியும் பாத்தீங்களா?"

"ஆமா. போன வாட்டி கப்பல் பெருசா இருந்துச்சு."

சிட்டு தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். கடையில் மீதிச் சில்லறை குறைவாக வந்ததைக் கேட்கலாமா வேண்டாமா என்று நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்த்தாள். டீச்சர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

அடுத்த ஒத்திகைக்குச் சிட்டு காய்ச்சல் என்று வரவில்லை. அதற்கடுத்த தடவை வந்தாள், தூக்கினார்கள், சாயாமல் போனது, யாரும் சிரிக்கவில்லை. படிப்பில் குறை வைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் தானாகக் கை தூக்குவது நின்றுபோனது. காலையில் வாசலில் நுழையும்போதே "டீச்சர், இன்னைக்கு என்ன பாடம்?" என்று கத்துவாளே, அதுவும் நின்றது. "அப்புறம் சொல்றேன்" என்றதை இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று டீச்சர் தள்ளிக்கொண்டே போனார். முழுப் பரீட்சை முடிந்தது. அம்மாவுக்கு வேறு டிப்போவுக்கு மாற்றல் வந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மா மட்டும் வந்துவிட்டுப் போனாள் என்று, டீச்சருக்கு விடுமுறை முடிந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். தரை ஒரே ஒரு தடவை லேசாக ஆடியது, பெஞ்சிலிருந்த ஒரு டம்ளர் விழுந்ததோடு சரி. டீச்சர் ஓய்வு பெற்றார். விழாவில் தலைமையாசிரியர் பழைய நினைவுகளைச் சொல்லும்போது, ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தையை இவர் எவ்வளவு அழகாக வகுப்போடு சேர்த்துக்கொண்டார் என்று ஐந்து நிமிஷம் பேசினார். டீச்சர் மடியிலிருந்த சால்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மகன் வீட்டுக்குப் போகும்போது ஒருநாள் நெரிசலான பஸ்ஸில் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டு, ஒரு காலேஜ் பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தாள்.

"சிட்டு எப்படிம்மா இருக்கா?"

"நல்லாருக்கா. வேலைக்குப் போறா. ஆபீஸ் கீழ்த்தளத்துலயே குடுத்திருக்காங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாளா?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்டதும் தெரிந்தது.

கண்டக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வராத முகம். "அந்த ஸ்கூலப் பத்தி அதிகமாப் பேச மாட்டா டீச்சர். கடல் தெரியும்னு மட்டும் ஒருதடவை சொன்னா."

டீச்சர் பேச வாயெடுத்தார். வருஷக்கணக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். அதற்குள் முன்பக்கம் யாரோ டிக்கெட் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன். உள்ள நகருங்கப்பா, நடுவுல இடம் இருக்கு" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் போனாள். டீச்சர் அவள் திரும்பி வருவாள் என்று காத்திருந்தார். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவள் டிரைவர் பக்கத்தில் நின்று யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் அத்தனை தலைகள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், அந்தக் குரல் இன்னும் அவரிடம் இருந்தது. கூப்பிடாமல் பின்வாசல் வழியாக இறங்கினார்.